மிதந்த அரிசி

ஒரு மழைக்காலத்தில் எங்கள் தெரு முழுக்க அரிசிக்கு உப்புத் தண்ணீரில் பரீட்சை வைத்தோம். மூழ்கிய அரிசி பாஸ், அது உலைக்குப் போகும். மிதந்த அரிசி பெயில், அது கோழிக்குப் போகும். வாத்தியார் என் அப்பா. பெயிலானதையெல்லாம் டீ வடிகட்டியால் அள்ளி எடுக்கும் வேலை எனக்கு. இவ்வளவு பெரிய பொறுப்பை எனக்கு அதற்கு முன்பு யாரும் கொடுத்ததில்லை. அதனால் என் கால் தரையில் பாவவில்லை.

அப்பா மரக்காணம் உப்பளத்தில் கூலி வேலை செய்தார். தை பிறந்தால் உப்புப் பாத்தி மிதிக்கப் போவார். வெயில் ஏற ஏற வேலையும் ஏறும். ஐப்பசி மழை இறங்கியதும் எல்லாம் நின்றுவிடும். குவித்து வைத்த உப்பின்மேல் கீற்றைப் போட்டு மூடிவிட்டு முதலாளி வீட்டுக்குப் போவார், வேலை செய்தவர்களும் வீட்டுக்குப் போவார்கள். முதலாளியின் உப்புக்கு மழையில் விலை ஏறும். வீட்டில் உட்கார்ந்திருக்கும் எங்கள் ஆட்களுக்கு வேறொன்றும் ஏறாது, கோபம்தான் ஏறும். அந்த மாதங்களில் அப்பா குடிசைக்கும் டீக்கடைக்கும் நடுவில் நடந்துகொண்டே இருப்பார். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாதவர்போல முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார்.

ஆனால் பட்டினி கிடந்தோம் என்று நான் சொன்னால் அது பொய். ரேஷன் அரிசி இருந்தது. மாதம் பிறந்தால் மூட்டை வந்துவிடும், பானையில் சோறு எப்போதும் இருக்கும். சோற்றுக்கு மேலே ஊற்றத்தான் ஒன்றும் இருக்காது. மழையில் போட்டுகள் கடலுக்குப் போகாது, மீன் வராது. காய்கறி விலையைக் கேட்டுவிட்டு அம்மா கூடையோடு திரும்பி வருவாள். ரசம், புளித்தண்ணீர், சுட்ட மிளகாய், மறுபடியும் ரசம். வயிறு நிறைந்துவிடுவதால் யாருக்கும் குறை தெரியவில்லை. எனக்குத் தெரிந்திருக்க நியாயமே இல்லை, நான் இரண்டு தட்டு தின்றுவிட்டு எழுந்து போகிறவள்.

அம்மாவுக்கு அப்போது ஆறு மாதம். என்னைப் பெற்றபின் வெகுகாலம் கழித்து உண்டான பிள்ளை. அதனால் அப்பா அவளை உள்ளங்கையில் வைத்துத் தாங்கினார். எங்கள் பகுதிக்கு வரும் நர்ஸம்மா ஒருநாள் அவள் விரலில் குத்தி ரத்தம் எடுத்துப் பார்த்தார். கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். பிறகு வெளியே வந்து அப்பாவிடம் பேசினார். கதவுக்குப் பக்கத்தில் நின்ற எனக்கு எல்லாமே கேட்டது.

"ரத்தம் ரொம்ப கம்மியா இருக்குது. இப்படியே போனா இங்க பிரசவம் பாக்க முடியாது, பெரியாஸ்பத்திரிக்குத்தான் அனுப்புவோம். அங்கயும் கஷ்டம்தான். தாய்க்கும் ஆபத்து, புள்ளைக்கும் ஆபத்து. கால் வேற வீங்கியிருக்குது, உப்பைக் குறைக்கச் சொல்லுங்க."

உப்பளத்துக்காரன் வீட்டில் வந்து உப்பைக் குறைக்கச் சொல்கிறாரே என்று அடுத்த வீட்டு அத்தை, அப்பாவின் அக்கா, பிறகு சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. நர்ஸம்மா கொடுத்துவிட்டுப் போன இரும்புச் சத்து மாத்திரையை வேளை தவறாமல் எடுத்துக் கொடுத்தார். அம்மாவும் வேளை தவறாமல் வாந்தி எடுத்தாள். மாத்திரை உள்ளே தங்கவேயில்லை. யார் வீட்டிலிருந்தோ அப்பா முருங்கைக்கீரை ஒடித்து வருவார். பேரீச்சம்பழம் வாங்கக் கடைக்குப் போய் வெறுங்கையோடு திரும்பி வந்து, கடை பூட்டியிருந்தது என்பார். மழைக்காலத்தில் அந்தக் கடை அடிக்கடி பூட்டியிருந்தது.

அந்த மாதத்து ரேஷன் அரிசியில்தான் புது மாதிரி மணிகள் தென்பட்டன. முதலில் பார்த்தது அத்தைதான்.  முறத்தில் புடைத்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள். மற்ற அரிசியைப் போலவே நீளம், அதே பருமன். ஆனால் வெள்ளை மட்டும் கொஞ்சம் மங்கிய வெள்ளை, மேலே கோடு கிடையாது, அச்சில் வார்த்ததுபோல வழவழப்பு. அத்தையிடம் போன் உண்டு. அந்தப் போனில் வராத சேதி கிடையாது. பிளாஸ்டிக் அரிசி என்று யாரோ எடுத்த வீடியோ ஏற்கெனவே வந்திருந்தது. சோற்றை உருட்டித் தரையில் அடித்தால் பந்துபோல எழும்பும் என்று அதில் காட்டியிருந்தார்கள்.

அத்தை அன்றைக்கே சோற்றை உருட்டி அடித்தாள். எழும்பியது. எந்தச் சோற்றை உருண்டை பிடித்து அடித்தாலும் எழும்பும் என்பது அப்போது ஒருவருக்கும் தோன்றவில்லை. ரேஷன் கடைச் சுவரில் இந்த அரிசியைப் பற்றி நோட்டீஸ் ஒட்டியிருந்தார்களாம். அதை மறைத்து மூட்டையை அடுக்கிவிட்டார்கள். மூட்டை இல்லாமல் இருந்திருந்தாலும் 'செறிவூட்டப்பட்ட' என்ற வார்த்தையை எங்கள் தெருவில் யார் எழுத்துக்கூட்டிப் படித்து முடித்திருப்பார்கள் என்பது சந்தேகம்தான்.

"நெல்லு விளையற ஊர்ல பொறந்தவ நீ. அரிசி எது பிளாஸ்டிக் எதுன்னு உனக்கே தெரியலையா?" என்று அத்தை அம்மாவைக் கேட்டாள்.

அம்மா பிரம்மதேசத்துப் பக்கத்துப் பெண். அவள் ஒரு மணியை எடுத்துப் பல்லில் வைத்துக் கடித்துப் பார்த்தாள். "மாவு மாதிரிதான் இருக்குது, அண்ணி. பிளாஸ்டிக்கா இருந்தா பல்லுல நசுங்குமா?" என்றாள். அத்தை அவள் கையிலிருந்ததைத் தட்டிவிட்டாள். வயிற்றுப்பிள்ளைக்காரி வாயில் வைக்கும் சாமானா அது!

சேதி அப்பா காதுக்குப் போயிற்று. ஒரு முறை அரிசியைக் களைந்து பார்த்தார். அந்த மணிகளில் சில மிதந்தன, சில மிதக்கவில்லை. மிதக்காதவற்றைக் கையால் பொறுக்கினால் பொழுது விடிந்து பொழுது போகும். அப்பா குண்டானைக் கீழே வைத்தார். பிறகு சாக்கை எடுத்துக்கொண்டு போனவர், உப்பளத்தில் தூர்த்துத் தள்ளிய கழிவு உப்பைச் சுமந்து வந்தார். வாசலில் கிடந்த நீல டிரம்மில் தண்ணீர் நிரப்பி உப்பைக் கொட்டி, கட்டையால் கலக்கினார். கையை உள்ளே விட்டு எடுத்து, புறங்கை காய்ந்து வெள்ளை பூக்கிறதா என்று பார்த்தார். போதவில்லை. இன்னும் கொட்டினார். தண்ணீர் கட்டியாகி எண்ணெய்போல அசையத் தொடங்கியதும் அரிசியைப் போட்டார்.

நல்ல அரிசி அடியில் போய்ப் படிந்துவிட்டது. அந்த வழவழப்பு மணிகள் எல்லாம், நல்ல தண்ணீரில் அடியில் ஒளிந்திருந்தவைகூட, மேலே வந்து மிதந்தன.

தெருவே வாயடைத்துப் போயிற்று. உப்புத் தண்ணீரின் கனத்தைக் கையாலேயே சொல்லக்கூடிய ஆள் எங்கள் தெருவில் வேறு பலரும் உண்டு. அதை அரிசியின்மேல் பிரயோகிக்க அப்பாவுக்குத்தான் தோன்றியது. மறுநாள் முதல் சாயங்காலமானால் பெண்கள் முறத்தோடு எங்கள் வாசலில் நிற்பார்கள். அப்பா தண்ணீரைப் பதம் பார்த்து, "இப்ப போடு" என்பார். நான் வடிகட்டியால் அள்ளுவேன். அள்ளியதைப் பால்பவுடர் டப்பாவில் போட்டு வைத்துக் கோழிகளுக்கு இறைப்போம். அடியில் நின்ற அரிசியை எடுத்து நல்ல தண்ணீரில் மறுபடி மறுபடி அலச வேண்டும். அப்படி அலசினாலும் சோறு கரிக்கும். யாரும் குறை சொல்லவில்லை. பிள்ளை குட்டிகள் பிளாஸ்டிக் தின்னாமல் பிழைத்தார்களே, அது போதாதா!

அப்பாவின் நடை மாறிவிட்டது. கையை முதுகுக்குப் பின்னால் கட்டுவதில்லை. டீக்கடையில் அவருக்குப் பெஞ்சில் இடம் விட்டார்கள். "ஏம்பா, நீ மட்டும் இல்லன்னா இந்தத் தெரு என்னா ஆயிருக்கும்?" என்று ஒருவர் கேட்டபோது நான் பக்கத்தில் இருந்தேன். என் நெஞ்சு விம்மிப் போனது. என் அப்பாதான் அம்மாவையும் வயிற்றிலிருக்கும் பிள்ளையையும் காப்பாற்றுகிறார் என்பதில் எனக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை.

அம்மாவுக்கு மட்டும் முகம் வெளுத்துக்கொண்டே போனது. குடத்தைத் தூக்கினால் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். அடுத்த முறை நர்ஸம்மா வந்து பார்த்துவிட்டு, ரத்தம் ஏறவேயில்லை, இன்னும் இறங்கியிருக்கிறது என்றார். அன்றைக்கு அப்பா உப்பு எடுக்கப் போயிருந்தார். நர்ஸம்மா டிரம்மைப் பார்த்தார், டப்பாவைப் பார்த்தார், அம்மாவிடம் ஏதோ வெகுநேரம் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அதில் அக்கறை இல்லை. மழை விட்டிருந்தது, நான் விளையாடப் போய்விட்டேன்.

சில நாள் கழித்து மழைக்காகப் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டார்கள். நனைந்துகொண்டு வீட்டுக்கு ஓடி வந்தேன். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அம்மா குந்தி உட்கார்ந்து, கோழி டப்பாவிலிருந்து அந்த மணிகளைக் கை நிறைய அள்ளி, அலசி, சிறு சட்டியில் கொதித்த கஞ்சியில் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கை அப்படியே நின்றது.

"அப்பாகிட்ட சொல்லாத" என்றாள்.

"அது பிளாஸ்டிக்கும்மா!"

"இல்லடி. நீ போய்த் தலைய தொவட்டு."

 அம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அவள் அந்தக் கஞ்சியைக் குடிப்பதைப் பார்க்கச் சகிக்காமல் வாசலுக்கு வந்து நின்று அழுதேன். சொல்லாதே என்று சொல்லிவிட்டாள். சொல்லாவிட்டால் செத்துப்போவாள். வயிற்றில் இருக்கும் பிள்ளையும் சாகும். இந்த இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டுக்கொண்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பள்ளிக்கூடத்தில் கணக்கு ஏறவில்லை, வீட்டில் சோறு இறங்கவில்லை.

கடைசியில் ஒரு சாயங்காலம் டிரம்மைச் சுற்றிப் பெண்கள் நின்றுகொண்டிருந்தபோது அது என் வாயிலிருந்து தானாகப் பீறிட்டு வந்தது. வடிகட்டியைக் கீழே போட்டுவிட்டு, "அப்பா, அம்மா பிளாஸ்டிக்க துன்னுதுப்பா! தெனமும் துன்னுது!" என்று கத்திவிட்டேன்.

அப்பாவின் முகத்தில் ஈயாடவில்லை.  "ஐயையோ, என்னாடி சொல்ற?" என்று அத்தை மார்பில் கை வைத்தாள். அப்பா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பெரிய சண்டை நடக்கப்போகிறது என்று நாங்கள் எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். சத்தமே இல்லை. அம்மாவின் குரல் மட்டும் தாழ்வாகக் கேட்டது, வார்த்தை பிடிபடவில்லை.

கதவு திறந்தது. அப்பா வந்து டிரம்முக்கு முன்னால் நின்றார். கையை விட்டுக் கலக்கினார். விரலை நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"தண்ணி போச்சு. உப்பு மழையில ஈரம் குடிச்சிட்டுது. இனிமே இதுல ஒன்னும் மெதக்காது" என்றார்.

"மெதக்குதுப்பா, இப்பகூட மெதந்துது. நான்தான அள்ளினேன்!" என்றேன்.

"சும்மா இரு."

"ஏம்பா, அப்ப அரிசிக்கு என்னா பண்றது?" என்று முறத்தோடு நின்றவர்களில் ஒருத்தி கேட்டாள்.

"அப்படியே பொங்குங்க. அது பிளாஸ்டிக் இல்லியாம், மருந்தாம். நர்ஸம்மா வந்தா நீங்களே கேட்டுக்கங்க." இதை அவர் தலை நிமிராமல் சொன்னார். பிறகு டிரம்மைச் சாய்த்து அவ்வளவு தண்ணீரையும் தெருவில் கொட்டிவிட்டார். அத்தை அப்பாவை ஒருதரம் உற்றுப் பார்த்தாள். அப்புறம் எதுவும் கேட்காமல் தன் முறத்தை எடுத்துக்கொண்டு முதல் ஆளாக நடையைக் கட்டினாள். அவள் வாயை மூடிக்கொண்டு போனதை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

கதவுக்கு உள்ளே நடந்ததை நான் வளர்ந்தபிறகு அம்மா சொன்னாள். அந்த மணிகள் அரிசி மாவில் இரும்புச் சத்தும் இன்னும் என்னென்னவோ சத்தும் கலந்து மிஷினில் செய்தவை. ரத்தம் இல்லாதவர்களுக்கு ரத்தம் ஊறட்டும் என்று ரேஷன் அரிசியில் கொஞ்சமாகக் கலந்து அனுப்புகிறார்கள். நர்ஸம்மா விளக்கிய அன்றைக்கே அம்மா அப்பாவிடம் மெல்லச் சொல்லிப் பார்த்திருக்கிறாள். "அந்தம்மா வூட்ல இந்த அரிசியா பொங்கறாங்க?" என்று அவர் ஒரே கேள்வியில் முடித்துவிட்டார். அம்மா அத்தோடு விட்டுவிட்டாள். நர்ஸம்மா வீட்டில் அந்த அரிசி பொங்கமாட்டார்கள் என்பது அவளுக்கும் தெரியும்.

அதை நினைத்தால் எனக்கு இன்றும் அப்பாவைக் குறை சொல்ல வாய் வருவதில்லை. புழுத்த அரிசி வந்திருக்கிறது, நாற்றமடிக்கும் அரிசி வந்திருக்கிறது, கல் வந்திருக்கிறது. அதையெல்லாம் அவர் ஒரு வார்த்தை பேசாமல் சுமந்து வந்தவர். சும்மா கிடைக்கிற மூட்டையில் நல்லதாக ஒன்றைக் கூடுதலாக யாரோ போட்டு அனுப்புவார்கள் என்று அவர் எதை வைத்து நம்புவார்? மூட்டையை எங்கள் ஊர்க் கடைவரைக்கும் கொண்டுவந்து சேர்க்கத் தெரிந்தவர்களுக்கு, கூடவே இரண்டு வார்த்தையைக் கொண்டுவந்து சேர்க்கத் தெரியவில்லை.

"மறுபடியும் ஏம்மா சொல்லல? ஒளிச்சு வச்சுத் துன்னணுமா?" என்று அம்மாவைக் கேட்டேன்.

"மழையில உங்கப்பன் நிமிர்ந்து நடந்து நான் பாத்தது அந்த ஒரு வருஷம்தான். எனக்காவத்தான் அந்த உப்பெல்லாம் செமந்தாரு. அத எப்படி நான் வாணாம்னு சொல்றது?" என்றாள்.

கதவுக்கு உள்ளே அவள் அப்பாவிடம் சொன்னதும் அதிகமில்லை. நான் இத்தனை நாளாகத் தின்கிறேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை, என் கண்ணைப் பாரு என்று கீழ் இமையை இழுத்துக் காட்டியிருக்கிறாள். அதில் சிவப்பு தெரிந்ததா இல்லையா என்று அவளுக்கே தெரியாது. அப்பா பார்த்தாராம். வெகுநேரம் பார்த்தாராம்.

அரிசியே எல்லாவற்றையும் செய்துவிட்டது என்று சொல்லமாட்டேன். பிறகு ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துப் பாட்டில் பாட்டிலாக மருந்து ஏற்றினார்கள். ஒன்பதாம் மாதத்தில் பார்த்தபோது பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டாம் என்று சொல்லும் அளவுக்கு ரத்தம் ஏறியிருந்தது. தம்பி மரக்காணத்திலேயே பிறந்தான். இப்போது பள்ளிக்கூடத்தில் தட்டோடு வரிசையில் நின்று அதே அரிசிச் சோற்றை இரண்டு தரம் வாங்கித் தின்கிறான்.

ஆனால் எனக்கு மறக்காமல் இருப்பது டிரம்மைக் கொட்டிய அன்றைய சாப்பாடுதான். அப்பா டப்பாவில் மிச்சமிருந்த மணிகளையும் உலையில் போடச் சொன்னார். எனக்கு அதுவே திகில். சோறு வெந்ததும் அம்மா தட்டை எடுத்தாள். பிள்ளை உண்டானதிலிருந்து அவள் தின்ற பிறகுதான் மற்றவர்கள் தின்பது. அது அப்பாவே போட்ட சட்டம். பானையில் மிச்சம் என்ன என்று பார்த்துவிட்டு அவர் கடைசியில் உட்காருவார். அன்று அம்மாவின் கையிலிருந்த தட்டை வாங்கித் தன் முன்னால் வைத்துக்கொண்டு, "எனக்குப் போடு" என்றார்.

அம்மா போட்டாள். முழுத் தட்டையும் தின்றார். இன்னும் போடு என்று கேட்டு வாங்கித் தின்றார். அம்மா தனக்கு எடுக்கப் போனபோது, "கொஞ்சம் இரு" என்றார். செம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். எனக்கும் போடக்கூடாது என்றார். அம்மா சோற்றுப் பானையை மூடி வைத்துவிட்டு அவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சோறு ஆறிக்கொண்டிருந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊருக்கு முன்னால் என்னைப் பொய்க்காரி ஆக்கியது போதாது என்று, வயிற்றுப்பிள்ளைக்காரியைக் காக்கவைத்துவிட்டுத் தான் மட்டும் இரண்டு தட்டு தின்கிறாரே! "அம்மாவுக்குப் பசிக்குதுப்பா" என்றேன்.

"தெரியும்மா. கொஞ்ச நேரம் போவட்டும்" என்றார் அப்பா, வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு. இவ்வளவு சாப்பாட்டு ஆசை பிடித்தவரா என் அப்பா என்று எனக்கு அழுகை அழுகையாக வந்தது.